ஆறு ஏக்கரில் அத்தனை விளையாட்டும் அடங்குமா?

நாங்குநேரிப் பக்கமிருந்து ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது. அவர்கள் ஊருக்கு விளையாட்டரங்கம் ஒன்று வரப்போகிறது. 6 ஏக்கர் புறம்போக்கு நிலம் பார்த்திருக்கிறார்கள். 400 மீட்டர் ஓடுதளம், அதன் நடுவே கால்பந்து, ஹாக்கி, கிரிக்கெட், ஓரத்தில் கபடி என்று எல்லாம் அதற்குள்ளேயே அமையும் என்றும், சுதந்திர தின விழா, கலைநிகழ்ச்சி, பொருட்காட்சி ஆகியவற்றுக்கு இடத்தை வாடகைக்கு விட்டால் பராமரிப்புச் செலவு கைக்கு வந்துவிடும் என்றும் ஊரில் பேசிக்கொள்கிறார்கள். இது நடக்கிற காரியமா, காலையில் நடப்பவர்களை உள்ளே விடலாமா என்று அவர் கேட்கிறார். இடம் போதுமா என்பது இதில் சின்னக் கேள்விதான். எந்த விளையாட்டின் தரை எந்த விளையாட்டின் தரையோடு ஒத்துப்போகும், எது எதைக் கெடுக்கும் என்பதே இதற்குள் இருக்கும் பெரிய கேள்வி. நான் பாளையங்கோட்டையில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பள்ளி, மாவட்டத் தடகளப் போட்டிகளில் நடுவராகவும், சுண்ணாம்பும் அளவு நாடாவுமாகக் களம் குறிப்பவனாகவும் பல ஆண்டுகள் வேலை பார்த்திருக்கிறேன். ஆகவே அளவு, தரை, அட்டவணை ஆகிய மூன்றையும் பற்றி உறுதியாகச் சொல்ல முடியும். பார்வையாளர் காலரியின் கான்கிரீட்டும் கூரையின் இரும்பும் பொறியாளர் பார்க்க வேண்டியவை. அங்கே நான் எல்லை தாண்டப் போவதில்லை.

சந்தேகத்துக்கு இடமில்லாத கணக்கிலிருந்து தொடங்கலாம். இன்று சர்வதேச அளவில் தரமாகக் கொள்ளப்படும் 400 மீட்டர் ஓடுதளத்தில் இரண்டு நேர்ப் பகுதிகளும் தலா 84.39 மீட்டர் நீளமும், இரண்டு வளைவுகளும் உள் விளிம்பில் 36.50 மீட்டர் ஆரமும் கொண்டிருக்கும். ஒரு பாதையின் அகலம் 1.22 மீட்டர். எட்டுப் பாதைகள் போட்டால் வெளி விளிம்புக்கு வெளி விளிம்பு நீளம் 176.91 மீட்டர், அகலம் 92.52 மீட்டர் வரும். இந்தச் செவ்வகத்தின் பரப்பு 4 ஏக்கரைச் சற்றே தாண்டுவதால், 6 ஏக்கர் தாராளம் என்று தோன்றும். ஆனால் நிலத்தின் பரப்பை விட அதன் வடிவமே இங்கே தீர்மானிக்கிறது. 6 ஏக்கர் சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் ஏறத்தாழ 156 மீட்டர்தான். 177 மீட்டர் நீளமுள்ள தளம் அதில் நேராக உட்காராது. மூலைக்கு மூலை சாய்த்துப் போட்டால் மயிரிழையில் நுழையும் என்பது உண்மை. சில வரைபடங்களில் அப்படிப் போட்டும் காட்டுவார்கள். அப்போது நான்கு மூலைகளிலும் முக்கோணத் துண்டுகள் மிஞ்சி, காலரிக்கும் வாகன நிறுத்தத்துக்கும் ஒழுங்கான இடம் கிடைக்காமல் போகும்.

சாய்த்துப் போடுவதில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. காலை, மாலை வெயில் விளையாடுபவரின் கண்ணில் நேரே அடிக்காமலிருக்க, களத்தின் நீளம் வடக்கு தெற்காக அமைவதே நல்லது. தென்மேற்குப் பருவத்தில் செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் நம் பக்கம் வீசும் காற்று எப்படிப்பட்டது என்பதை முப்பந்தலின் காற்றாலைகளைப் பார்த்தவருக்கு விளக்க வேண்டியதில்லை. 100 மீட்டர், 200 மீட்டர், நீளம் தாண்டுதல், மும்முறைத் தாண்டுதல் ஆகியவற்றில் பின்காற்று வினாடிக்கு 2.0 மீட்டரைத் தாண்டினால் அந்தச் செயல்பாடு சாதனையாகப் பதிவாகாது. நேர் ஓட்டப் பாதை தென்மேற்கிலிருந்து வடகிழக்காகத் திரும்பிவிட்டால், ஆனி, ஆடி மாதங்களில் பிள்ளைகள் ஓடும் நேரங்களில் பெரும்பாலானவை கணக்கில் சேராது, அல்லது எதிர்க்காற்றில் வீணாகும். வடக்கு தெற்காகப் போட்ட பாதையில் அந்தக் காற்று பெரும்பாலும் குறுக்காகத்தான் வீசும். எனவே எதற்கும் முன்னால் நிலத்தின் எஃப்.எம்.பி. படத்தை (நில அளவைத் துறையின் புல வரைபடம்) வாங்கி, வடக்கு தெற்கில் 180 மீட்டருக்கு மேல் நீளம் தடையில்லாமல் கிடைக்கிறதா என்று பாருங்கள். கிடைக்காவிட்டால் 200 மீட்டர் ஓடுதளத்தோடு நிறுத்திக்கொள்வது கௌரவக் குறைவு அல்ல. அன்றாடப் பயிற்சிக்கு அதுவே போதும்.

கால்பந்தும் தடகளமும் சேர்ந்து வாழக்கூடியவை. ஓடுதளத்தின் உட்பகுதி அகலம் 73 மீட்டர்; சர்வதேசப் போட்டிகளுக்கு வழக்கமான 105 மீட்டருக்கு 68 மீட்டர் களம் அதற்குள் அடங்கும். ஆனால் அடங்குவதற்கும் ஆடுவதற்கும் வேறுபாடு உண்டு. களத்தின் நான்கு மூலைகளும் வளைவுக்குள் நீட்டிக்கொண்டு நிற்பதால், மூலைக் கொடியிலிருந்து ஓடுதளத்தின் உள் விளிம்பு வரை மிஞ்சுவது ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். கார்னர் உதைக்கப் பின்வாங்கும் ஆட்டக்காரர் நேரே ஓடுதளத்தில் போய் நிற்பார். அவருடைய ஷூவின் அடிக்குமிழ்கள் முதல் பாதையைத் தேய்க்கும். 5 சென்டிமீட்டர் உயரமுள்ள விளிம்புக் கட்டையில் கால் தடுக்கினால் கணுக்கால் போய்விடும். இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கழற்றி மாட்டக்கூடிய அலுமினிய விளிம்பை வாங்கி, கால்பந்து நாள்களில் வளைவுப் பகுதிகளில் அதை எடுத்துவிடுவது. மற்றொன்று, களத்தை 100 மீட்டருக்கு 64 மீட்டர் என்று சுருக்குவது. அதுவும் சர்வதேச விதி அனுமதிக்கும் அளவுக்குள்தான் இருக்கிறது, மூலையில் மூன்றரை மீட்டர் இடைவெளியும் கிடைத்துவிடும். உங்கள் ஊருக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

கால்பந்துக்கும் எறிதல் போட்டிகளுக்கும் உரசல் இருப்பது உண்மை. ஆடவருக்கான சங்கிலிக் குண்டின் எடை 7.26 கிலோ, அது வந்து விழுமிடம் கால்பந்துக் களத்தின் நடுப்பகுதி. ஒரு மாவட்டப் போட்டி முடிந்த மாலையில் புல்தரையைக் குனிந்து பார்த்தால், விழுந்த இடத்தில் புல் கிழிந்து, குழியின் அடிமண் இறுகி, சுற்றிலும் மண் உதடுபோலப் பிதுங்கி நிற்கும். பெரும்பாலான மைதானங்களில் அந்தக் குழியில் ஒரு சட்டி மண்ணைக் கொட்டி மிதித்துவிட்டுப் போய்விடுவார்கள். அடுத்த மழையில் அது மறுபடியும் இறங்கும். குழியின் ஓரத்தில் கவை முள்ளைச் சாய்வாகக் குத்தி, இறுகிய அடிமண்ணை மெல்ல நெம்பி மேலே கொண்டுவந்து, மிஞ்சும் பள்ளத்தை மட்டும் மணல் கலந்த மண்ணால் நிரப்பி நீர் தெளித்தால் சில வாரங்களில் புல் மூடிக்கொள்ளும். செலவில்லாத வேலை, ஆனால் அதைச் செய்யத் தெரிந்த ஒரு களப்பணியாளர் நிரந்தரமாக இருக்க வேண்டும். எறிதல் பயிற்சிக்குக் களத்துக்கு வெளியே தனியாக ஒரு துண்டு நிலம் ஒதுக்கிவிட்டு, போட்டி நாள்களில் மட்டும் உள்ளே எறிய விடுவது அதைவிடவும் நல்லது.

ஹாக்கியில்தான் நான் கண்டிப்பாக மறுக்கிறேன். அளவு பிரச்சினையே இல்லை, 91.40 மீட்டருக்கு 55 மீட்டர் களம் ஓடுதளத்துக்குள் தாராளமாக அமரும். தரைதான் பிரச்சினை. போட்டி ஹாக்கி செயற்கைப் புல்தரைக்குப் போய்ப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. புல்லில் பழகிய பிள்ளை அங்கே போனதும் பந்தின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் திணறுகிறது. சரி, செயற்கைப் புல்லையே விரித்துவிடலாம் என்றால், அதன்மேல் ஈட்டியும் வட்டும் சங்கிலிக் குண்டும் விழக்கூடாது. கால்பந்துக்கான செயற்கைப் புல்லும் ஹாக்கிக்கான செயற்கைப் புல்லும் ஒன்றல்ல. கோவில்பட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டி நடக்கும் ஊர், வீட்டுக்கு வீடு ஹாக்கி மட்டை இருக்கும் ஊர். அரியலூரைச் சேர்ந்த கார்த்தி செல்வம் அங்குள்ள விளையாட்டு விடுதியில் பயின்றுதான் இந்திய அணி வரைக்கும் சென்றார். அங்கே ஹாக்கிக்கென்றே தனியாகச் செயற்கைத் தரை அமைத்திருக்கிறார்கள். 2025 நவம்பர், டிசம்பரில் ஆடவர் இளையோர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தபோதும் ஆட்டங்கள் ஹாக்கிக்கான தனிக் களங்களில்தான் நடந்தன. நாங்குநேரியிலிருந்து கோவில்பட்டி கைக்கெட்டும் தூரம் இல்லைதான். என்றாலும் உள்ளூரில் ஒரு அரைகுறைத் தரையைப் போட்டுத் தடகளத்தையும் சேர்த்துக் கெடுப்பதைவிட, ஆர்வமுள்ள பிள்ளைகளை அங்கே அனுப்புவது மேல்.

கிரிக்கெட் இதைவிடத் தெளிவானது. முறையான ஆடவர் போட்டிக்கு ஆடுகளத்தின் நடுவிலிருந்து எல்லைக்கோடு குறைந்தது 59.43 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்பது சர்வதேச ஆட்டங்களுக்கான கணக்கு. அதாவது குறுக்கே மட்டும் 120 மீட்டர் தேவை. ஓடுதளத்தையும் சேர்த்தே உங்களுக்குக் கிடைக்கும் அகலம் 92.52 மீட்டர்தான். இரண்டையும் ஒரே அரங்கத்துக்குள் காலம் மாற்றி நடத்திய முன்னுதாரணம் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக வினூ மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ஓட்டங்கள் சேர்த்தது சேப்பாக்கத்தில் அல்ல. அன்று கார்ப்பரேஷன் ஸ்டேடியம் என்று வழங்கிய, இன்றைய சென்னை நேரு விளையாட்டரங்கம் இருக்கும் இடத்தில். 1960களின் நடுவில் டெஸ்ட் போட்டிகள் சேப்பாக்கத்துக்குத் திரும்பின. 1990களில் புதுப்பித்துக் கட்டப்பட்ட பிறகு நேரு அரங்கம் கால்பந்துக்கும் தடகளத்துக்கும் உரியதாகி, 1995இன் தெற்காசியப் போட்டிகளை நடத்தியது. கிரிக்கெட் அங்கே மீண்டும் குடியேறவில்லை. நம் பகுதியிலும் அப்படித்தான்: 2016இல் டி.என்.பி.எல். (தமிழ்நாடு பிரீமியர் லீக்) கிரிக்கெட் தொடங்கியபோது திருநெல்வேலியின் ஆட்டங்கள் சங்கர் நகர் இந்தியா சிமெண்ட்ஸ் மைதானத்தில் நடந்தன. மாவட்டத் தடகளத்துக்குப் பாளையங்கோட்டை அண்ணா விளையாட்டரங்கம், கொடியேற்றத்துக்கும் அணிவகுப்புக்கும் வழக்கமாக வ.உ.சி. மைதானம், கிரிக்கெட்டுக்குச் சங்கர் நகர், ஹாக்கிக்குக் கோவில்பட்டி என்று இந்தச் சீமை தன் பாட்டுக்கு வேலையைப் பிரித்துக்கொண்டிருக்கிறது. பாளையங்கோட்டைக்கே ஒரு மைதானம் போதவில்லை என்றால் உங்கள் 6 ஏக்கர் மட்டும் எப்படிப் போதும்?

டென்னிஸ் பந்துக் கிரிக்கெட்டைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். ஒன்றை மட்டும் அனுமதிக்காதீர்கள்: களத்தின் நடுவே சிமெண்ட் ஆடுகளம். அதன்மேல் மண்ணைப் பரப்பிக் கால்பந்து ஆடலாம் என்று சொல்வார்கள். இரண்டு மழைக்குப் பிறகு மண் கரைந்து சிமெண்டின் விளிம்பு வெளியே தெரியும். சறுக்கி விழும் பையனின் முழங்கால் அதில்தான் மோதும்.

கபடிக்கும் கைப்பந்துக்கும் கோ-கோவுக்கும் நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. ஆடவர் கபடிக் களம் 13 மீட்டருக்கு 10 மீட்டர்தான்; ஓடுதளத்துக்கு வெளியே மிஞ்சும் எந்தத் துண்டிலும் அமையும். நம் ஊர்களில் கோயில் கொடையோடு நடக்கும் இரவுக் கபடிக்குக் கூடுகிற கூட்டம் வேறு எந்த ஆட்டத்துக்கும் கூடுவதில்லை. எனவே அந்தத் துண்டில் விளக்குக் கம்பமும் நிரந்தரமான சிமெண்ட் படிகளும் முதலிலேயே போட்டுவிடுங்கள். மரக் கம்புகளைக் கட்டி எழுப்பும் தற்காலிக காலரிகள் பாரம் தாங்காமல் சரியும் ஆபத்து உடையவை.

இனி உறுதியாகச் சொல்ல முடியாத பகுதிக்கு வருகிறேன். நிலத்தின் அடியில் இருப்பது என்ன மண் என்பதைப் பொறுத்தே எல்லாம் இருக்கிறது. செம்மண்ணும் சரளையும் என்றால் பாதி வேலை முடிந்தது. கரிசல் என்றால் கோடையில் வெடித்து மழையில் உப்பும். அதன்மேல் நேரே போடும் எந்த ஓடுதளமும் அலை அலையாகிவிடும். அந்த மண்ணை வெட்டியெடுத்துச் சரளை நிரப்ப வேண்டிவரும். மூன்றாவது வகைதான் நம் பக்கத்தில் அதிகம்: அரசு நிலம் காலியாக இருக்கிறது என்றால், அது ஒரு காலத்தில் குளத்தின் நீர்ப்பிடிப்பாகவோ ஓடைக்கரையாகவோ இருந்திருக்க வாய்ப்புண்டு. குளமாக இருந்த வேய்ந்தான்குளத்தில் அமைந்த திருநெல்வேலிப் புதிய பேருந்து நிலையத்தில் பேருந்து ஏறுகிற மக்கள் நாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, தண்ணீர் தன் பழைய வழியை மறக்கவில்லை என்பதைத் தாமிரபரணிக் கரை முழுவதும் பார்த்தோம். ஓடுதளத்தின் குறுக்குச் சரிவு உட்பக்கமாக நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. அதாவது ஓடுதளத்தில் விழும் மழை முழுவதும் உட்புறக் கால்வாய்க்கு வந்து, அங்கிருந்து வெளியேற வேண்டும். வெளியே இருக்கும் வாய்க்கால் அதைவிடத் தாழ்வாக இல்லையென்றால் உங்கள் கால்பந்துக் களமே தெப்பக்குளமாகிவிடும். ஐப்பசியில் ஒரு நல்ல மழைக்கு மறுநாள் அந்த நிலத்தில் போய் நின்று, தண்ணீர் எங்கே தேங்குகிறது, எந்தப் பக்கம் வடிகிறது என்று பார்ப்பது எந்த ஆய்வறிக்கைக்கும் குறைந்ததல்ல.

செயற்கை ஓடுதளமா, மண் ஓடுதளமா என்பதில் என் கருத்து பலருக்குப் பிடிக்காது. பாலியூரித்தேனும் ரப்பர் துகளும் சேர்ந்த அந்தத் தளம் ஏறத்தாழ 13 மில்லிமீட்டர் கனமே உடையது. சரியாகப் பார்த்துக்கொண்டால் பத்தாண்டு அளவுக்கு உழைக்கும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. பார்த்துக்கொள்ளாவிட்டால் எத்தனை ஆண்டு என்பதை எந்த ஒப்பந்தக்காரரும் எழுதித் தரமாட்டார். தொடக்க வளைவிலும் முதல் பாதையிலும் முதலில் தேயும். விளிம்பில் சிறிதாக உரிந்த இடத்தில் தண்ணீர் இறங்கினால் குமிழ் குமிழாக எழும். சித்திரை வெயிலில் பிற்பகலில் அதன்மேல் வெறுங்காலை வைக்க முடியாது. மாநில அளவுக்குப் போகும் பிள்ளைகளுக்கு அந்தத் தளத்தில் பழக்கம் வேண்டும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஆண்டுதோறும் பழுது பார்க்கும் நிதி எழுத்தில் உறுதியாகாத ஊரில், நன்றாக உருட்டி நீர் தெளித்துப் பராமரிக்கும் மண் ஓடுதளமே பிள்ளைகளின் கால்களுக்கு நல்லது என்பது என் முடிவு.

விழாக்களும் வாடகையும் பற்றி. எந்த விளையாட்டும் செய்யாத சேதத்தை ஒரு கலைநிகழ்ச்சி ஒரே இரவில் செய்துவிடும். பந்தல்காலுக்குக் கடப்பாரை போட்டுக் குழி தோண்டுவார்கள். அது ஓடுதளத்தைத் துளைத்துவிட்டால் ஒட்டுப் போட்டாலும் தழும்பு நிற்கும். ஒலிபெருக்கிகளை ஏற்றிவந்த லாரி நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பும்போது தளத்தின் மேற்பரப்பு முறுக்கிக்கொண்டு உரியும். ஜெனரேட்டரிலிருந்து சொட்டும் டீசல் ரப்பரை இளக்கிவிடும். மேடைக்கு அடியில் இரண்டு மூன்று நாள் வெளிச்சம் காணாத புல் மஞ்சளாகிவிடும். சுதந்திர தின அணிவகுப்பில் பிள்ளைகளும் காவலர்களும் நடந்து செல்வதால் பெரிய பாதிப்பு வராது. அலங்கார ஊர்திகள் உள்ளே வருவதுதான் கெடுதல். ஆகவே வாடகை வேண்டுமென்றால் வாகன நிறுத்தத்துக்கான வெளிப்பகுதியைச் சமதளமாக, மின் இணைப்போடும் தண்ணீர்க் குழாயோடும் அமைத்து, பொருட்காட்சியையும் மேடையையும் அங்கேயே நடத்துங்கள். முன்பணம் வாங்குவது நல்ல ஏற்பாடுதான். ஆனால் சேதத்தை மதிப்பிடுவது யார் என்பது முன்கூட்டியே எழுதப்படாவிட்டால் அந்தப் பணம் முழுவதும் திரும்பிப் போய்விடும் என்பதைப் பார்த்திருக்கிறேன்.

அட்டவணையும் அப்படித்தான். கோடை விடுமுறையில் பயிற்சி முகாம், பள்ளி திறந்ததும் குறுவட்டப் போட்டிகள், பிறகு மாவட்ட அளவிலான குடியரசு தின, பாரதியார் தின விளையாட்டுப் போட்டிகள், முதலமைச்சர் கோப்பை என்று ஆண்டின் பெரும்பகுதி தானாகவே நிரம்பிவிடுகிறது. வடகிழக்குப் பருவமழையின் மூன்று மாதங்கள் புல் வளர்வதற்கான காலம். அப்போது களத்தை மூடி வைக்க மனம் வர வேண்டும். பெரும்பாலான மைதானங்கள் வீணாவது, ஈரத் தரையில் ஆடவிட்ட அந்த மாதங்களில்தான்.

காலரி எங்கே என்ற கேள்வி நீங்கள் கேட்காதது, இருந்தாலும் சொல்கிறேன். மேற்குப் பக்கம் வையுங்கள். நம் ஊரில் போட்டிகள் மாலையில்தான் சூடு பிடிக்கும். கிழக்கே உட்கார்ந்தவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெயிலைத்தான் பார்ப்பார். மேற்குக் காலரிக்குப் போடும் கூரை பருவக்காற்றின் முதல் அடியை வாங்கும் என்பதால், தகரம் எந்தக் காற்று வேகத்துக்குக் கணக்கிடப்பட்டது என்று கட்டுமானப் பொறியாளரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நடப்பவர்களைத் தாராளமாக உள்ளே விடலாம். ஊர் மக்கள் கால்படாத மைதானத்தைக் காப்பாற்ற யாரும் குரல் கொடுக்கமாட்டார்கள். ஆனால் விட்டால் அத்தனை பேரும் உள் விளிம்பை ஒட்டி முதல் பாதையிலேயே நடப்பார்கள், செருப்போடும் நடப்பார்கள். ஓட்டப் பயிற்சிக்கு மிகவும் தேவையான பாதையும் அதுவே. வெளிச்சுற்றில் வேப்பமர நிழலோடு இரண்டு மீட்டர் அகலத்தில் மண் நடைபாதை ஒன்றை வரைபடத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள். அதுவரை, காலை ஏழு மணிவரை ஏழாம், எட்டாம் பாதைகள் நடப்பவர்களுக்கு, உள்ளே இருப்பவை ஓடுபவர்களுக்கு என்று நுழைவாயிலில் ஒரு பலகை எழுதி வைத்து, முதல் மாதம் அங்கே ஒரு ஆளை நிறுத்தினால் பிறகு பழகிவிடும்.